ஒன்பது நிமிடம் தாமதித்த சங்கு

அத்தியாயம் 6

"ஐஸ் ஃபேக்டரிக்குள்ள வந்தும் ஒருத்தனுக்கு வேர்க்குதுன்னா, ஒண்ணு மெஷின் கெட்டிருக்கணும், இல்லை மனசாட்சி கெட்டிருக்கணும்" என்றான் சின்னவன், முன்னால் போன மேனேஜரின் முதுகு நனைந்திருப்பதைப் பார்த்து.

"வாயை மூடிட்டுப் படி ஏறு" என்றாள் அண்ணி.

அண்ணி என்றால் அவனுடைய மூத்த அண்ணனின் மனைவி. தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். முப்பத்து நாலு வயதாகியும் வீட்டுக் கடைக்குட்டி என்பதால் சின்னவனாகவே இருக்கும் அவன், அந்த நிலையத்தின் உதவியாளன், ஓட்டுநர், கம்ப்யூட்டர் வைத்தியன், சம்பளத்தோடு திட்டும் வாங்குகிற ஒரே ஊழியன்.

விஷயம் இதுதான். போன செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு பத்துக்குக் குளிரூட்டும் அறையில் அமோனியா கசிந்தது. கசிந்த நொடியிலேயே ஆலைச் சங்கு ஊதியிருக்க வேண்டும். ஊதியது இரண்டு பத்தொன்பதுக்கு. அந்த ஒன்பது நிமிடமும் உள்ளே குழாய் மாட்டிக்கொண்டிருந்த ஃபிட்டர் பையன் இப்போது ஆஸ்பத்திரியில், கண்ணில் கட்டோடு கிடக்கிறான். தொண்டை வெந்துபோய்ப் பேச்சு வரவில்லை. கண்ட்ரோல் ரூமில் அன்றைக்குப் போர்டு பார்த்தவள் வேறு யாருமில்லை, அந்தப் பையனுடைய சொந்த அக்கா.

"இந்தம்மா சங்கை அமுக்கி வச்சுட்டுத் தூங்கியிருக்காங்க. முழிச்சதும் எடுத்து விட்டிருக்காங்க. அவ்வளவுதான் கேஸ்" என்றார் மேனேஜர். "அஞ்சு மணிக்கு ஒப்புதல் கடிதத்துல கையெழுத்துப் போட்டுருவாங்க. கடிதம் நேரா போலீஸுக்குப் போகும்."

கண்ட்ரோல் ரூமில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் சங்கை நிறுத்தும் சிவப்புப் பொத்தான். அண்ணி பொத்தானைப் பார்க்கவில்லை, அதன் மேல் இருந்த கண்ணாடி மூடியைப் பார்த்தாள். மூடியைக் கம்பியால் கட்டி ஈய முத்திரை வைத்திருந்தார்கள். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே ஒட்டடை.

"சார், உங்க ஃபேக்டரியில சிலந்திக்கும் சம்பளம் உண்டா?"

"என்ன கேக்கறீங்க?"

"இல்லை, பொத்தானை அமுக்கின கையோட ஓடி வந்து ஒட்டடையைத் திரும்பக் கட்டியிருக்கே. அந்த சுறுசுறுப்புக்குத்தான் கேட்டேன்."

மேனேஜர் கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "சரி, அமுக்கலைன்னே வச்சுக்குவோம். ஸ்கிரீனைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமே. அஞ்சு மணி, மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போர்டு அக்கா அதுவரை மூலையில் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். அழுது முடித்து, அழுவதற்கு இனி ஒன்றுமில்லை என்று ஆகிவிட்ட முகம்.

"நான் கையெழுத்துப் போட்டுடறேன் மேடம். ஸ்கிரீன்ல சிவப்பு எதுவும் வரலைன்னு இவ்வளவு நாளா சொல்லிட்டுத்தான் இருக்கேன். ஆனா ரெண்டு மணிக்கு மேல என் கண்ணு ஒரு நிமிஷம் சொக்குச்சு. அது நிஜம். ஒரு நிமிஷம்னுதான் நினைச்சேன், ஒன்பது நிமிஷமாவே இருந்திருக்கும். எங்கம்மா ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்க. என்கிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாங்க. 'உள்ள தம்பி இருக்கான்னு தெரிஞ்சுமா தூங்கினே'ன்னு. அதுக்கப்புறம் முகம் கொடுத்துப் பேசலை."

"அப்புறம் எதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்க?"

"மனசு கேக்கலை. போன வருஷம் இங்க நடந்த டீசல் திருட்டை நீங்கதானே கண்டுபிடிச்சீங்க." அவள் சின்னவன் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு சங்கு புரோகிராம் அசையாம தொங்கிப்போய் நான் பதறிட்டு நின்னப்ப, இவர்தான் ரெண்டே நிமிஷத்துல திரும்ப ஓட விட்டாரு. அந்த நல்ல மனசை நான் மறக்கலை."

"மறக்காம இருந்து என்ன பிரயோஜனம், ஒரு டீயோட விட்டுட்டீங்களே அக்கா" என்றபடி சின்னவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். 'விருந்தாளி' என்ற பெயரில் உள்ளே நுழைந்தான். திரையில் கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்ததும், பழக்கப்படி முதலில் ஒரு சின்ன வரியைத் தட்டினான்.

"அது என்ன, எங்க போனாலும் உட்கார்ந்ததும் அதையே அடிக்கறே?" என்றாள் அண்ணி.

"அடுத்தவங்க வீட்டுக்குள்ள போறப்ப செருப்பைக் கழட்டிட்டுப் போறதில்லையா, அந்த மாதிரி. என் வேலையால இவங்க வேலைக்குத் தொந்தரவு வரக் கூடாதுன்னு என் ஜன்னலைக் கடைசி வரிசைக்குத் தள்ளிடுவேன்."

திரையில் நீளமாக ஒரு பட்டியல் வந்தது. சின்னவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பாடம் எடுக்க ஆரம்பித்தான். தனக்குத் தெரிந்ததை அண்ணிக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு சந்தர்ப்பம் வாய்த்தால் அவன் லேசில் விடமாட்டான்.

"கம்ப்யூட்டருக்குள்ள கவுண்ட்டர் ஒண்ணுதான் அண்ணி. புரோகிராம் அம்பது, எல்லாம் வரிசையில நிக்குது. ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு எண் இருக்கு பாருங்க. பூஜ்யம்னா சாதாரண ஆளு. மைனஸ் இருபதுன்னா முழங்கையால இடிச்சுட்டு முன்னாடி போற ஆளு. பிளஸ் பத்தொன்பதுன்னா, 'பரவாயில்லை, நீங்க முதல்ல போங்க'ன்னு எல்லாருக்கும் வழி விடற மகா சாது."

"சங்கு எங்க நிக்குது?"

சின்னவன் விரலால் தேடினான். விரல் பட்டியலின் அடியில் போய் நின்றது.

"பத்தொன்பதுல" என்றான்.

"ஆள் உயிரைக் காப்பாத்த வேண்டிய சங்கை யாரு மகா சாதுவாக்கினது?"

"மாசாமாசம் சோதிச்சுப் பார்த்தோமே" என்றாள் போர்டு அக்கா. "பொசுக்குன்னு ஊதுச்சே."

"காலைல சோதிச்சிருப்பீங்க. வரிசையில ஆளே இல்லைன்னா சாதுவுக்கும் உடனே வேலை ஆயிடும். சமீபத்துல இந்தக் கம்ப்யூட்டர்ல புதுசா என்ன சேர்த்தாங்க?"

அவள் யோசித்தாள். "பத்து நாளைக்கு முன்னாடி இன்னும் எட்டு கேமரா வச்சாங்க. தினம் ரெண்டு மணிக்குப் படத்தையெல்லாம் சுருக்கி வைக்கும். அந்த நேரத்துல மவுஸ் கூட நகராது."

ஆக, செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு எட்டு கேமராவும் கவுண்ட்டரை மொய்த்துக்கொண்டன. கசிவு வந்த செய்தியோடு பின்னால் நின்ற சங்கு, எல்லோருக்கும் வழி விட்டது; அதன் முறை வந்தபோது ஒன்பது நிமிடம் போயிருந்தது. திரையில் சிவப்பைக் காட்ட வேண்டியதும் அதே புரோகிராம்தான் என்பதால் அதுவும் வரவில்லை.

"முதல்ல அதை மேல ஏத்து" என்றாள் அண்ணி.

சின்னவன் தட்டினான். 'அனுமதி இல்லை' என்றது திரை. "இறங்கறதுக்கு யாரும் யாரையும் கேக்க வேண்டாம் அண்ணி. ஏறணும்னா மட்டும் மாஸ்டர் பாஸ்வேர்டு வேணும். அது இந்த ஃபேக்டரி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கற காண்ட்ராக்டர்கிட்டதான் இருக்கும்."

"சரி, ஏத்த முடியலை. இறக்கினது யாருன்னாவது பார்க்க முடியுமா?"

"யாரு கிளப்பினது, எப்போ கிளப்பினதுன்னு காட்டும்" என்று சொல்லிக்கொண்டே அவன் இன்னொரு வரியைத் தட்டினான்.

சங்கு புரோகிராமைக் கிளப்பியவர்: விருந்தாளி. கிளப்பிய நாள்: பதின்மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, மதியம் மூன்று நாற்பத்திரண்டு. அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரை யாரும் அணைத்துப் போடவே இல்லை.

அந்த வியாழக்கிழமை சின்னவனுக்குத் தெரியும். டீசல் திருட்டுக்காகப் பழைய கேமராப் படங்களை நகல் எடுக்க வந்த நாள். வழக்கம்போல முதல் வரியைத் தட்டித் தன் ஜன்னலைப் பத்தொன்பதுக்கு இறக்கிவிட்டு நகல் எடுத்துக்கொண்டிருந்தான். சங்கு தொங்கியது. அக்கா பதறினாள். அவன் கெத்தாக அதே ஜன்னலிலிருந்து சங்கைக் கிளப்பிவிட்டு, அவள் கொடுத்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான். இறங்கிக் கிடந்த ஜன்னலில் கிளப்பினால் சங்கும் இறங்கித்தான் கிளம்பும் என்பது அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அன்றைக்கு யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஐஸ் ஃபேக்டரிக்குள் இப்போது வேர்த்தது அவனுக்கு.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் அண்ணி.

"விருந்தாளின்னு இருக்கு அண்ணி. யாரு வேணா வந்திருக்கலாம்."

சொன்னது பொய் இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

அண்ணி திரையையும் அவனையும் ஒரு தடவை பார்த்தாள். "சரி, காண்ட்ராக்டரைப் பார்த்துட்டு வருவோம்."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தவள் நாலு தெரு தாண்டிய பிறகு கேட்டாள். "என்ன, வாயைப் பூட்டிட்டுச் சாவியை எங்கயாவது போட்டுட்டியா?"

"வெயில் அண்ணி."

"ஓஹோ."

காண்ட்ராக்டரின் கடையில் செத்துப்போன கம்ப்யூட்டர்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. சங்கு பத்தொன்பதில் நின்றதையும், அதை விருந்தாளி பேரில் யாரோ கிளப்பியதையும் கேட்டதும் அவர் ஈயம் பற்றவைக்கும் கம்பியை அப்படியே கீழே வைத்தார்.

"என்னை மாட்டி விடப் பாக்கறீங்களா?"

"நீங்கதான் அடிக்கடி அந்தக் கம்ப்யூட்டர்ல கை வைக்கறவர்" என்றாள் அண்ணி.

"அம்மா, மாஸ்டர் பாஸ்வேர்டு என்கிட்ட இருக்கு. நான் எதுக்கு விருந்தாளி பேர்ல நுழையறேன்? வீட்டுக்காரன் எவனாவது சுவரேறிக் குதிப்பானா?" அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. சங்கை யாரும் இறக்கலை. அது பிறந்ததே அப்படி. நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளைம்பாங்களே. எந்த ஜன்னல்லேர்ந்து கிளப்பறோமோ, அந்த ஜன்னலோட எண்தான் புரோகிராமுக்கும் வரும். எவனோ ஒருத்தன் மரியாதைக்குத் தன் ஜன்னலை இறக்கி வச்சுட்டு, மறந்துபோய் அதுலேர்ந்தே சங்கைக் கிளப்பியிருக்கான்."

"வேணும்னே பண்ணியிருக்க மாட்டானா?"

"கெட்டவனுக்கு இவ்வளவு மரியாதை எங்க வரும்? இது நல்லவன் பண்ற தப்பு."

சின்னவன் கடை வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பான். இது தாங்கவில்லை.

அண்ணி எழுந்தாள். "அஞ்சு மணிக்கு ஃபேக்டரிக்கு வாங்க. மாஸ்டர் பாஸ்வேர்டு தேவைப்படும்." பிறகு சின்னவனிடம், "விருந்தாளி யாரா இருந்தாலும் கேட்ல எழுதிட்டுத்தானே உள்ள வந்திருக்கணும். வருகைப் பதிவேட்டைப் பார்ப்போம்" என்றாள்.

அந்தப் பதிவேட்டில் தன் கையெழுத்து எப்படி இருக்கும் என்று கூட அவனுக்கு ஞாபகம் இருந்தது. பேனா மை வராமல் இரண்டு தடவை எழுதியிருந்தான். திரும்பிப் போகிற வழியில் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை வாயைத் திறந்தான். நாலு தடவையும் சிக்னல் பச்சையாகிவிட்டது என்று தனக்குத் தானே சாக்குச் சொல்லிக்கொண்டான்.

கேட்டில் காவலாளி தலையைச் சொறிந்தார். "போன வருஷப் புத்தகமா? மழைக்குக் கூரை ஒழுகி எல்லாம் கூழாப் போச்சும்மா. மூட்டை கட்டிக் குப்பையில போட்டாச்சு."

அப்பாடா என்றது சின்னவனின் மனம். அந்த 'அப்பாடா' காதில் விழுந்ததும் அவனுக்கே அருவருப்பாகப் போய்விட்டது. ஒருத்தி தம்பியைப் பார்க்க முடியாமல், தாய் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜெயிலுக்குப் போகத் தயாராக நிற்கிறாள். இவன் கூழான காகிதத்துக்குச் சந்தோஷப்படுகிறான்.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேனேஜர் அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். போர்டு அக்கா மட்டும் உட்காரவில்லை. அண்ணி கவுண்ட்டர், வரிசை, பத்தொன்பது எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி. யாரு அந்த விருந்தாளி? ஆள் பேர் இருக்கா? இல்லை. கம்ப்யூட்டர் மரியாதையா நடந்துக்கிச்சுன்னு நான் போலீஸ்ல போய்ச் சொன்னா சிரிக்க மாட்டாங்களா? எனக்குன்னு இப்போ இருக்கறது ஒரே ஒரு பேர்தான்." கடிதத்தைப் போர்டு அக்கா பக்கம் நகர்த்தினார்.

அவள் பேனாவை எடுத்தாள். "விடுங்க மேடம். என் கண்ணு சொக்கினது உண்மைதானே" என்றாள், அண்ணியைப் பார்க்காமலே.

பேனா காகிதத்தைத் தொடப் போனது.

"அக்கா, எழுதாதீங்க" என்றான் சின்னவன். "அந்த விருந்தாளி நான்தான்."

பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது.

"டீசல் கேஸுக்கு வந்த அன்னிக்கு, என் ஜன்னலை இறக்கி வச்சிருந்தேன். சங்கு தொங்கினதும் அதுலேர்ந்தே கிளப்பிட்டேன். காலைல தேதியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பகல் பூரா வாயைத் திறக்கலை. பதிவேடு போச்சுன்னதும் தப்பிச்சோம்னு நினைச்சேன்."

போர்டு அக்கா அவனையே பார்த்தாள். "நான் தூங்கினதால இல்லையா?"

"இல்லைக்கா. கண்ணு சொக்கினா எழுப்பறதுக்குத்தானே சங்கு இருக்கு. அதை எழுப்ப விடாம பண்ணினது நான்."

அவள் பேனாவுக்கு மூடி போட்டாள். நிதானமாக, இரண்டு தடவை திருகி. "உங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேனே" என்றாள்.

"கேஸ் முடிஞ்சது" என்று மேனேஜர் எழுந்தார்.

"முடியலை, உட்காருங்க" என்றாள் அண்ணி. கைப்பையிலிருந்து அட்டை கிழிந்த பழைய டயரி ஒன்றை எடுத்தாள். "இவன்தான்னு எனக்குக் காலைலயே தெரியும்."

சின்னவன் நிமிர்ந்தான். "எப்படி அண்ணி?"

"உட்கார்ந்ததும் ஒரு வரி அடிச்சியே, செருப்புக் கழட்டறேன்னு. அதுல கடைசியில பத்தொன்பதுன்னு இருந்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு சங்குக்குப் பக்கத்துலயும் அதே பத்தொன்பது. சங்கை ஓட விட்டது நீதான்னு இந்தம்மாவே சொன்னாங்க. இதைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் படிச்சிருக்கணுமா?"

"தெரிஞ்சுமா என்னைக் கூட்டிட்டு ஊரெல்லாம் சுத்தினீங்க?"

"நீயா சொல்லட்டும்னு சுத்தினேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்." அண்ணி டயரியைப் புரட்டி ஒரு பக்கத்தை மேசை மேல் விரித்து வைத்தாள். "அந்த வியாழக்கிழமை. படிங்க சார்."

மேனேஜர் படித்தார். "மூணு நாற்பது. சின்னவனுக்கு மூணாவது தடவை போன். போட்டது போட்டபடி கிளம்புன்னு திட்டினேன்."

"புது ஜன்னல் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்டா?"

"ரெண்டு செகண்டு."

"அந்த ரெண்டு செகண்டை நான் கொடுக்கலை. டயரி காலைலேர்ந்து பையிலதான் இருக்கு. எடுக்க எனக்கும் சாயங்காலம் ஆயிடுச்சு." அண்ணியின் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. இத்தனை வருடத்தில் அவள் தலை குனிந்து சின்னவன் பார்த்ததில்லை. அவனுக்குத் தன் தப்பை விட அதைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது.

அவன் ஒப்புதல் கடிதத்தை எடுத்துத் திருப்பினான். வெற்றுப் பக்கத்தில் நடந்ததை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டான். அண்ணி அதை வாங்கி இன்னும் மூன்று வரி சேர்த்துத் தானும் கையெழுத்துப் போட்டாள்.

"இது போலீஸுக்குப் போகும்" என்றார் மேனேஜர், சந்தேகத்தோடு.

"போகட்டும் சார்."

காண்ட்ராக்டர் கண்ட்ரோல் ரூமுக்குப் போய் மாஸ்டர் பாஸ்வேர்டைத் தட்டினார். சங்கை நிறுத்தி, புது ஜன்னலில் கிளப்பி, கேமராவெல்லாம் பின்னால் போகும்படி எண்ணை மைனஸுக்கு ஏற்றினார். எட்டு கேமராவையும் ஒரே நேரத்தில் சுருக்கச் சொல்லிவிட்டுச் சோதனைக் கசிவு கொடுத்தார். கை விசையை விட்டு வருவதற்குள் சங்கு அலறியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். சின்னவன் மட்டும் பொத்தவில்லை. போர்டு அக்கா கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள், ஒன்பது நிமிடத்தை எண்ணுகிறவள் போல.

சங்கு நின்றதும் அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

"எங்கம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லணும்" என்றாள் சின்னவனிடம். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. வழியில என்கிட்ட எதுவும் பேசாதீங்க. மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. அங்க வந்து பேசுங்க."

அவன் தலையாட்டினான். அண்ணி ஸ்கூட்டர் சாவியைப் பைக்குள் போட்டாள். "நானும் வரேன். சொல்ல வேண்டியவங்க ரெண்டு பேரு."

ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். போர்டு அக்கா பத்தடி முன்னால் நடந்தாள். வாய் ஓயாத சின்னவன் வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். மகளைக் கண்டதும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். சின்னவன் மகளைத் தாண்டிப் போய் அவள் எதிரில் நின்றான். கவுண்ட்டர், வரிசை, பத்தொன்பது எதுவும் சொல்லவில்லை.

"அம்மா, உங்க பொண்ணு தூங்கினதால இது நடக்கலை. சங்கு லேட்டா ஊதற மாதிரி பண்ணினது நான். தெரியாம பண்ணினேன். தெரிஞ்ச பிறகும் இன்னிக்குப் பகல் பூரா மறைச்சேன்."

"அவசரப்படுத்தினது நான்" என்றாள் அண்ணி, பின்னாலிருந்து.

அந்த அம்மா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்று கூட நினைத்தான். அவள் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

"உட்காரு" என்றாள் மகளிடம். "சாப்பிட்டியா?"